கைமாற்றாக வாங்கிய ஹைட்ரஜன்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகள் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள் என்று படித்ததும்தான் நமக்கும் வயதாகிவிட்டது என்பது உறைத்தது.

நான் இன்னும் அமீன்களில், அதாவது நைட்ரஜன் கொண்ட சேர்மங்களில், மீத்தைல் என்ற ஒற்றைக் கார்பன் துண்டை (CH₃) ஏற்றிக்கொண்டுதான் இருக்கிறேன். அந்த நச்சு மீத்தைல் அயோடைடு பாட்டிலைத் திறக்கும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாயே, நினைவிருக்கிறதா? 15 பங்கு மீத்தைலுக்காக 127 பங்கு அயோடினைக் கழிவில் கொட்டினோம். இப்போது மெத்தனாலே போதும், மிஞ்சுவது தண்ணீர்.

வினையூக்கியான உலோகம், ருத்தேனியமோ இரிடியமோ, மெத்தனாலிடம் இரண்டு ஹைட்ரஜனைக் கைமாற்றாக வாங்கிக்கொள்கிறது. மெத்தனால் ஃபார்மால்டிஹைடு ஆகி, அமீனோடு சேர்ந்து இமீன் (கார்பனும் நைட்ரஜனும் இரட்டைப் பிணைப்பில் இருக்கும் சேர்மம்) ஆனதும், வாங்கியதை அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுகிறது. வட்டி கிடையாது!

ஆனால் ஆல்கஹால்களிலேயே சின்னவனான மெத்தனால்தான் பெரிய பிடிவாதக்காரன். எத்தனாலிடமிருந்து ஹைட்ரஜனைப் பிரிக்க மோலுக்குச் சுமார் 68 கிலோஜூல் போதும், இவனுக்கு 84. கொதிநிலையோ 64.7 டிகிரிதான். அதனால் இறுக மூடிய குழாயில் 120, 130 டிகிரி வரை சூடேற்ற வேண்டியிருக்கிறது. போதாததற்கு, ஃபார்மால்டிஹைடு மேலும் சிதைந்து கார்பன் மோனாக்சைடு ஆனால் அது உலோகத்தைப் பிடித்துக்கொண்டு வினையூக்கியையே படுக்கவைத்துவிடும்.

போன வாரம் மூடியைச் சரியாக முறுக்காமல் விட்டுவிட்டேன். காலையில் மெத்தனால் முக்கால்வாசி பறந்து, அடியில் பழுப்புப் பிசின்தான் ஒட்டிக்கிடந்தது. என் அவசர புத்தி உனக்குத் தெரியாததா! மறுநாள் புது வளையம் போட்டு மூடினேன். கலவையில் என்னென்ன இருக்கிறது என்று பிரித்துக் காட்டும் டிஎல்சி தகட்டை யூவி விளக்கடியில் பிடித்தால், நான் எடுத்த அமீனான அனிலினுக்குச் சற்று மேலே ஒரே புள்ளி. ஒரு மீத்தைலோடு அழகாக நின்றிருந்தது. அனிலின் போல பென்சீன் வளையத்தில் ஒட்டாத அலிபாட்டிக் அமீன் என்றால் பெரும்பாலும் இரண்டு மீத்தைலை மாட்டிக்கொண்டுதான் ஓயும்.

எனக்கு இதைவிடப் பிடித்தது 2011-இல் வேதியியலாளர் மைக்கேல் கிரிஷேயின் குழு செய்தது. இரிடியத்தை வைத்து மெத்தனாலை அலீனோடு (அடுத்தடுத்து இரண்டு இரட்டைப் பிணைப்பு உள்ள சேர்மம்) கோத்து கார்பன்-கார்பன் பிணைப்பையே போட்டார்கள். அதில் மெத்தனாலின் ஓஎச் கூடத் தங்கிவிடுகிறது, தண்ணீராகவும் எதுவும் போவதில்லை.

இதைப் பசுமை வேதியியல் என்று நான் சொன்னால் நீ சிரிப்பாய். சரி, இன்றைய மெத்தனாலில் பெரும்பகுதி இயற்கை எரிவாயுவிலும் நிலக்கரியிலும் இருந்துதான் வருகிறது, மறுக்கவில்லை. ஆனாலும் மூச்சைப் பிடிக்காமல் பாட்டிலைத் திறக்கிறேனே!

அப்புறம், ஒரு உதவி. அடுத்து மாங்கனீசில் முயன்று பார்க்கலாம் என்றிருக்கிறேன். நீ செய்து வைத்திருந்த பின்சர் லிகண்ட் (உலோகத்தை மூன்று இடத்தில் இடுக்கிபோலப் பிடிக்கும் மூலக்கூறு) அரை கிராம் இருந்தாலும் போதும். காற்று படாமல் அடைத்து அனுப்பு.

உன் பழைய பெஞ்சுத் தோழன்