ஜோதியின் கல்யாணத்தை எடுத்துவிட்டேன், மதினி

மதினி,

என் நாவலின் கடைசி அத்தியாயத்தை நேற்று ராத்திரி மாற்றி முடித்தேன். இரண்டாவது ஜோடியான ஜோதிக்கும் சரவணனுக்கும் இந்தக் கதையில் கல்யாணம் இல்லை. முதல் ஜோடி கதிர், தேன்மொழி கல்யாணம் நடக்கிற அதே மண்டபத்தில் இவர்களுக்கும் தாலி கட்டி வைக்கச் சொல்லி நீங்கள் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள், வாசகிகளும் அதையேதான் கேட்டார்கள். மனசு கஷ்டப்பட்டால் மன்னித்துக்கொள்ளுங்கள். ஆனால் மறுபடி எழுதச் சொன்னாலும் இப்படித்தான் எழுதுவேன்.

மதுரை திருமலை நாயக்கர் மஹாலில் சிலப்பதிகாரக் கதை வரும் ஒலி ஒளிக் காட்சி பார்த்த அன்றைக்கு நீங்கள் கேட்டதுதான் இதற்கெல்லாம் காரணம். 8 மணிக் காட்சி, ஒரே கொசு, சின்னவன் உங்கள் மடியில் தூங்கிப்போனான். பாண்டியன் விழுந்ததும் என் காதோரம் குனிந்து, "அந்த ராணி என்ன பாவம் பண்ணுனா? அவளுக்குன்னு ஒரு கதை கிடையாதா?" என்றீர்கள். வீட்டுக்கு வந்து சிலப்பதிகாரத்தை எடுத்துப் பார்த்தேன், அப்புறம் எங்கே தூக்கம்? அவளுக்குக் கதை இருக்கிறது மதினி. ஆடுகிற பெண்கள் மேல் அரசன் மனம் போய்விட்டது என்று உள்ளுக்குள் பொருமி, வெளியில் தலைவலி என்று சொல்லிவிட்டு எழுந்து போகிறாள் கோப்பெருந்தேவி. அவளைச் சமாதானப்படுத்தப் போகிற அவசரத்தில்தான் பாண்டியன் எதிரே வந்த பொற்கொல்லன் பேச்சைக் கேட்டு, விசாரிக்காமல் ஆணை போடுகிறான். இரண்டாவது ஜோடியின் ஒரு ஊடல் கோவலன் உயிரையே எடுத்துவிடுகிறது. அந்த ஊடலுக்கு இளங்கோவடிகள் கொடுத்தது சில வரிகள்தான்.

நானும் அந்த அளவோடு நிறுத்திக்கொண்டேன். ஜோதி கோபித்துக்கொண்டு ஆரப்பாளையத்தில் தேனி பஸ் ஏறுகிறாள், சரவணன் அவளைத் தேடி ஓடுகிறான், கதிர் பெண் வீட்டில் தனியாக நின்று அவமானப்படுகிறான், அதைப் பார்த்துத்தான் தேன்மொழி மனசு மாறுகிறது. இது இல்லாமல் கதை நகராது. ஆனால் ஜோதியும் சரவணனும் சேர்ந்தால் யாருக்கு என்ன மாறப்போகிறது? இத்தனை அத்தியாயம் தேன்மொழிக்காக அழுதவர்கள், கடைசியில் பக்கத்து மணையில் இன்னொரு ஜோடியைப் பார்த்தால் எந்தத் தாலிக்குச் சந்தோஷப்படுவார்கள்? கதையின் பாரத்தைச் சுமக்காத ஜோடியை எல்லோருக்கும் சுலபமாகப் பிடித்துப்போகும். கொஞ்சம் விட்டாலும் முழுக் கதையையும் அவர்களே எடுத்துக்கொள்வார்கள்.

ஜோதி உங்களை வைத்து எழுதியவள் இல்லை. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், நம் ஆட்கள் படிக்கிறார்கள், அண்ணனும் படிக்கும். அந்த பஸ் யார் ஏறிய பஸ் என்று ஊரில் பேச்சைக் கிளப்பியது யார் என்று எனக்குத் தெரியும். அதற்கு மேல் இங்கே வேண்டாம். சோறு வடிக்கிற நேரத்தில்கூட அடுப்படியில் நின்று என் எழுத்தைப் படித்த ஒரே ஆள் நீங்கள், நீங்களே "ஜோதி நான்தான்" என்று சொல்லலாமா?

ஜோதிக்குத் தனி நாவல் ஆரம்பித்துவிட்டேன். அதில் கதிரும் தேன்மொழியும் எப்போதாவது வந்து போவார்கள். சரவணனை அவள் மன்னிப்பாளா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. முதல் அத்தியாயம் அனுப்புகிறேன், படித்துவிட்டு எனக்கு மட்டும் சொல்லுங்கள்.