படிப்புக்கு மேல்வரம்பு உண்டென்றால் விளம்பரத்திலேயே போடுங்கள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் வேலைக்கு ஆள் எடுக்கும் ஆலை முதலாளிகளுக்கும், பள்ளித் தாளாளர்களுக்கும், கடை மேலாளர்களுக்கும் வணக்கம்.

போன வாரம் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுத ஆள் தேவை என்று விளம்பரம் வந்தது. பிளஸ் டூ தேர்ச்சி, கணினியில் கணக்கு எழுதும் டேலி தெரிந்திருக்க வேண்டும். இரண்டும் எனக்கு உண்டு. கூடவே எம்.எஸ்சி. கணிதமும் பி.எட்.டும் உண்டு, அதுதான் வினை. மேலாளர் டேலியில் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. "இவ்வளவு படிச்சிட்டு இங்க எத்தனை நாள்மா இருப்பீங்க?" என்றார். நான் வாய் திறப்பதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

உங்கள் பயம் புரியாமல் இல்லை. வேலை பழகியதும் டி.ஆர்.பி. ஆசிரியர் தேர்வு எழுதிப் போய்விடுவாள், சம்பளம் பற்றாது என்பாள், பத்தாவது படித்த மேஸ்திரி சொன்னால் கேட்க மாட்டாள். சரி, இதை என்னிடமே கேட்டிருக்கலாமே? அம்மாவுக்குச் சர்க்கரை, காலில் ஆறாத புண். அப்பா விடிந்தால் வயலில். சென்னைக்கோ திருப்பூருக்கோ நான் போக வழியில்லை. உங்கள் ஆலையை விட்டு எங்கே ஓடப்போகிறேன்? பிளஸ் டூ பையன்தான் சிங்கப்பூர் பெர்மிட் வந்த மறுநாளே கிளம்பிவிடுவான்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து பிரவுசிங் சென்டர் தம்பி என் பெயரில் இரண்டு பயோடேட்டா வைத்திருக்கிறான். "அக்கா, முழுசா அடிக்கவா, பிளஸ் டூவோட நிறுத்திடவா?" என்று கேட்டுவிட்டுத்தான் பிரிண்ட் போடுவான். நிறுத்தினால் இன்னொரு சிக்கல். பிளஸ் டூ முடித்த பிறகு ஏழு வருடம் என்ன செய்தாய் என்று கேட்பார்கள். "வீட்டில் சும்மா இருந்தேன்" என்று சொல்ல வேண்டும். அப்பா மூன்று மா நிலத்தை ஒத்திக்கு விட்டுப் படிக்க வைத்த வருடங்கள் அவை. அந்த நிலம் இன்னும் திரும்பவில்லை. அதைச் சும்மா இருந்த காலம் என்று சொன்னால்தான் வேலை என்றால், நீங்கள் கேட்கிற முதல் தகுதி பொய் சொல்லத் தெரிவதுதான்.

நெல்லுக்கு அரசுக் கொள்முதலில் ஈரப்பதம் 17 சதவீதம் என்று வரம்பு உண்டு. டெல்டாவில் சின்னப் பிள்ளைக்கும் அது தெரியும். மழையில் நனைந்தால் டெல்லிக்கு எழுதித் தளர்த்தவும் செய்வார்கள். 2022 குறுவைக்கு 19 வரை எடுத்தார்கள். எங்கள் படிப்புக்கு வரம்பு எத்தனை சதவீதம் என்று தெரிந்தால், நாங்களும் வெயிலில் காய்ந்துவிட்டு வருவோமில்லையா?

ஒரு பொதுத்துறை வங்கி பியூன் வேலைக்கு, பட்டதாரியாக இருக்கக் கூடாது என்று விளம்பரத்திலேயே போட்டது. பட்டத்தை மறைத்து விண்ணப்பித்தவரின் தேர்வை ரத்து செய்தது சரியே என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த விதி எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் அந்த வங்கி வரம்பை முன்கூட்டியே அச்சிட்டது. நான் கேட்பதும் அதுதான்.

குரூப் 4-க்குப் பத்தாம் வகுப்பே போதும். பொறியியல் முடித்தவர்களும் முதுகலை முடித்தவர்களும் எழுதி வி.ஏ.ஓ. ஆகியிருக்கிறார்கள். படித்த படிப்புக்காக அங்கே யாரையும் வாசலில் நிறுத்துவதில்லை.

அரசுப் பள்ளிப் பெண்கள் கல்லூரிக்குப் போனால் மாதம் 1000 ரூபாய் தருகிறார்கள். இப்போது பையன்களுக்கும் உண்டு. நல்ல திட்டங்கள்தான். அப்படியே படித்ததை மறைக்கவும் ஒரு பயிற்சி வகுப்பு வைத்துவிட்டால் திட்டம் முழுமையாகும். வேலைவாய்ப்பு முகாம் பந்தலிலேயே நடத்தலாம்.

கோபத்தில் ஏதோ எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது இவ்வளவுதான். படிப்புக்கு மேல்வரம்பு வைத்திருந்தால் தயவுசெய்து விளம்பரத்திலேயே போடுங்கள். எங்களுக்குப் பஸ் காசும் உங்களுக்கு நேரமும் மிச்சம். வரம்பு இல்லையென்றால் வேலையைப் பற்றிக் கேள்வி கேளுங்கள். இரண்டு வருடம் விட்டுப் போக மாட்டேன் என்று எழுதித் தரச் சொன்னாலும் தருகிறேன்.

இப்படிக்கு,
வலங்கைமான் பக்கத்திலிருந்து ஒரு விண்ணப்பதாரர்