மாணவர்களின் குறும்படத் திரையிடல் குறித்துப் பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு வணக்கம்.

நம் பத்தாம் வகுப்பு மாணவர்கள் தாங்களே எழுதி, நடித்து, படம்பிடித்த குறும்படம் ஒன்றை வரும் வெள்ளிக்கிழமை மாலை பள்ளி அரங்கில் திரையிடவிருக்கிறோம். இணையத்தில் கிடைக்கும் திடீர்ப் புகழையும், அதன் பின்னாலேயே வந்து சேரும் வன்மத்தையும் நையாண்டி செய்யும் படம் இது. பிள்ளைகளோடு நீங்களும் வந்து பார்க்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

மேடையில் பாடும்போது சுருதி பிசகிவிடும் ஒரு மாணவியின் காணொளியை யாரோ பகிர்ந்துவிடுகிறார்கள். பார்வையாளர் எண்ணிக்கை ஏற ஏற அவளுக்கு முதலில் பெருமையாகத்தான் இருக்கிறது. தன்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்பது பிந்தித்தான் புரிகிறது. இதன் பிறகு வரும் காட்சியில்தான் படத்தின் உயிர் இருக்கிறது. மிகக் கேவலமான பின்னூட்டம் எழுதியவர்களுக்கு ஒரு விருது விழா நடக்கிறது. கோப்பையை வாங்க வேண்டுமானால், எழுதியதை அந்த மாணவியின் முகத்தைப் பார்த்து உரக்கப் படிக்க வேண்டும் என்பது நிபந்தனை. முதலில் வருபவன் துள்ளிக்கொண்டு வந்து படித்துவிடுகிறான். அடுத்தவளுக்குப் பாதியில் குரல் கம்முகிறது. மூன்றாமவன் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இறங்கிவிடுகிறான். ஒத்திகையின்போது, அதுவரை சிரித்துக்கொண்டிருந்த ஆசிரியர்கள் உட்பட அனைவரும் இந்த இடத்தில் அமைதியாகிவிட்டோம்.

முகம் தெரியாதபோது, பெயர் தெரியாதபோது, எதிராளியின் வலி உடனே கண்ணுக்குப் படாதபோது மனிதர்களின் கட்டுப்பாடு தளர்ந்துவிடுகிறது என்பதை உளவியலாளர் ஜான் சூலர் 2004-ஆம் ஆண்டிலேயே ஒரு கட்டுரையில் விளக்கியிருந்தார். அந்தத் திரையை விலக்கினால் என்ன ஆகும் என்பதைத்தான் நம் மாணவர்கள் காட்டியிருக்கிறார்கள். அவர்கள் கதை எழுதுமுன் உண்மை நிகழ்வுகளையும் படித்தார்கள். அமெரிக்காவைச் சேர்ந்த ரெபெக்கா பிளாக் 2011-இல் தன் 13-ஆவது வயதில் பாடிய பாடலின் காணொளி உலகெங்கும் கேலிக்குள்ளானது. கொலை மிரட்டல்கூட வந்தது. பிற்காலத்தில் அவர் இசைத்துறையில் நிலைத்து நின்றார் என்பது ஆறுதல்தான். ஆனாலும் 13 வயதில் ஒரு குழந்தை அதைத் தாங்கியிருக்க வேண்டியதில்லை.

வசை எழுதும் சிறுவனைப் படம் அரக்கனாகக் காட்டவில்லை. எழுதி முடித்துக் கைப்பேசியைக் கீழே வைத்ததும், தூங்கிக்கொண்டிருக்கும் தங்கைக்குப் போர்வையை இழுத்து விடுகிறான். நாம் அஞ்ச வேண்டியது இதைத்தான் என்று நான் நினைக்கிறேன். பாதிக்கப்பட்ட பிள்ளை நம் வீட்டில் இருக்கலாம் என்று எண்ணும் நாம், பாதிப்பை உண்டாக்கிய பிள்ளையும் நம் வீட்டில் இருக்கலாம் என்று எண்ணுவதே இல்லை. குழந்தை தடுக்கி விழுவதையும் அழுவதையும் படம்பிடித்து, வேடிக்கை என்று உறவினர் வாட்ஸ்அப் குழுக்களில் பகிர்வது பெரியவர்களாகிய நாம்தான் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

உங்களிடம் நான் முக்கியமாகக் கேட்பது ஒன்று உண்டு. இணையத்தில் தன்னை யாரோ இழிவுபடுத்துகிறார்கள் என்று பிள்ளை வந்து சொன்னால், தயவுசெய்து உடனே கைப்பேசியைப் பிடுங்கிவிடாதீர்கள். சொன்னால் கைப்பேசி போய்விடும் என்ற பயத்தில்தான் பல பிள்ளைகள் மாதக்கணக்கில் வாய் திறப்பதில்லை. சொன்னதற்கே தண்டனை கிடைத்தால் அடுத்த முறை சொல்ல மாட்டார்கள். முதலில் முழுவதையும் கேளுங்கள். பதிலுக்குத் திட்டி எழுத விடாதீர்கள். பதிவை நீக்குவதற்கு முன், கணக்கின் பெயரும் தேதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு அந்தத் தளத்திலேயே புகார் செய்து அந்தக் கணக்கைத் தடை செய்யுங்கள். மிரட்டல் இருந்தால் காவல்துறையிடம் செல்லத் தயங்க வேண்டாம். பிள்ளையின் அந்தரங்கப் படம் சம்பந்தப்பட்டிருந்தால் மட்டும், ஆதாரத்துக்காகக்கூட அதை நகலெடுக்காமல், பள்ளி உட்பட யாருக்கும் அனுப்பாமல், நேரே காவல்துறையை அணுகுங்கள்.

படத்தில் வரும் சில சொற்கள் கடுமையானவை. அவற்றை மென்மையாக்கினால் கொடுமையும் பொய்யாகிவிடும் என்று மாணவர்கள் வாதிட்டார்கள், நான் ஒப்புக்கொண்டேன். அதனால் எட்டாம் வகுப்பிலிருந்து மேல்வகுப்பினருக்கு மட்டுமே அனுமதி. படத்தில் நடித்த பிள்ளைகளின் முகங்களும் இணையத்துக்குப் போய்விடக் கூடாது என்பதால், அரங்கில் யாரும் படம்பிடிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

திரையிடலுக்குப் பின் மாணவர்களும் பெற்றோரும் கலந்துரையாட நேரம் ஒதுக்கியுள்ளோம். பலர் முன்னிலையில் பேச முடியாதவர்கள், தம் பிள்ளை பாதிக்கப்பட்டிருந்தாலும் பிறரைப் பாதித்திருந்தாலும், மறுநாள் காலை என் அறைக்கு வரலாம். பிள்ளையையும் உடன் அழைத்து வரலாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்