கன்று நட்டால் போதுமா?

ஆசிரியருக்கு,

வடசென்னைச் சாலையோரங்களில் மரக்கன்று நடுவது பற்றிய தங்கள் செய்தியைப் படித்தேன். எத்தனை கன்று என்று இருக்கிறது, அவை எப்படிப் பிழைக்கும் என்று ஒரு வரி இல்லை. கன்று மரமாக மழை மட்டும் போதாது. ஆப்பிரிக்காவில் புல்லும் மரமும் கலந்து வளரும் சவானா வெளிகளில் ஆண்டு மழை சுமார் 650 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் மரங்கள் எவ்வளவு அடர்ந்து வளரலாம் என்பதை மழைதான் தீர்மானிக்கிறது. அதற்கு மேல் பெய்யும் இடங்களில் தீயும் மேயும் விலங்குகளும் கன்றுகளைத் தலையெடுக்க விடுவதில்லை, அவற்றுக்கு எட்டும் உயரத்தைத் தாண்டியதுதான் மரமாகிறது. சென்னையில் அந்த 650 மில்லிமீட்டரைப்போல இரண்டு மடங்கு மழை, ஆனால் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது, அப்புறம் நீண்ட கோடை.

எர்ணாவூரில் எங்கள் தெருவில் நாங்கள் நட்ட எட்டுக் கன்றுகளில் இன்று நிற்பவை இரண்டே பூவரசுகள். கம்பிக்கூண்டு வைத்து, லாரித் தண்ணீரில் மிச்சம் பிடித்து ஊற்றியவை அவை மட்டும்தான். மற்றவற்றை ஆடு கடித்தது, சில போர்த் தண்ணீரின் உப்பில் கருகின. மனது கேட்கவில்லை. எனவே எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்தாலும் சரி, உப்பைத் தாங்கும் பூவரசு, புங்கன், புன்னை நட்டு, ஆளுயரக் கூண்டும் இரண்டு கோடைக்குத் தண்ணீரும் கன்று நடும் ஒப்பந்தத்திலேயே சேர்க்க வேண்டும்.

– ஒரு வாசகர், எர்ணாவூர்