தேடி வருகின்றனர், தேடி வருகின்றனர்...

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மண்டபம் ஊர்ப் பக்கம் கடல் அட்டை (கடலடியில் ஊர்கிற, வெள்ளரிக்காய் மாதிரி இருக்கிற உயிரினம்) மூட்டைகள் பிடிபட்ட செய்தியைப் படித்தேன். கடைசி வரி வழக்கம்போல, 'முக்கியப் புள்ளியைத் தேடி வருகின்றனர்.' எத்தனை வருஷமாக ஐயா தேடுகிறார்கள்? அச்சுக் கோத்து வைத்த அதே வரியை எடுத்து எடுத்துப் போடுகிறீர்களோ என்று எனக்குச் சந்தேகம்.

2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் யானை இருக்கிற அதே முதல் அட்டவணையில் கடல் அட்டையையும் சேர்த்தார்கள். தந்தத்துக்கு என்ன சட்டமோ அதுவே அட்டைக்கும். சட்டத்தை நான் குறை சொல்லவில்லை. அதற்கு முன்னால் வேதாளைக் கரையில் நானும் அட்டை அவித்தவன். வயிற்றைக் கீறிக் குடலை எடுத்து, ட்ரம்மில் அவித்து, ராத்திரி மணலில் புதைத்து, மேல்தோல் சுண்ணாம்பைத் தேய்த்துக் கழுவி, மறுபடி அவித்துக் காயப்போட வேண்டும். சாண் நீள அட்டை விரலளவாகச் சுருங்கிவிடும். புகையும் நாற்றமும் தெருவுக்கே தெரியும். ஒளித்துச் செய்கிற வேலையா இது? நம் ஊரில் அதைத் தின்பாரும் இல்லை. அப்படியென்றால் பணம் கொடுத்து வாங்குகிறவர் யார்? அதை மட்டும் ஒருத்தரும் கேட்பதில்லை.

என் மைத்துனர் மகன் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். கருவாடு என்று சொல்லி ஏற்றிவிட்டார்கள். சோதனையில் சிக்கியதும் ஏற்றியவர் போன் சுவிட்ச் ஆஃப். இவன் முகம் மட்டும் மூட்டையோடு பேப்பரில் வந்தது (உங்கள் பேப்பர் இல்லை, அந்த மட்டில் நன்றி). வண்டி இன்னும் வெயிலில் துருப்பிடித்துக் கிடக்கிறது. பெண் கொடுப்பதாக இருந்தவர்கள் அதோடு வாசலுக்கு வரவில்லை.

கடல் பாசி எடுக்கத் தீவுப் பக்கம் போகிற பெண்களை விரட்டும்போது இருக்கிற சுறுசுறுப்பு எங்கே போகிறதோ! 1986-ல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். அன்றிலிருந்து எங்கள் வீட்டுப் பெண்கள்தான் குற்றவாளிகள். எதிர்க்கரை இலங்கையிலோ லைசென்ஸ் இருந்தால் இதே அட்டையைப் பகலில் பிடிக்கலாம், ஏற்றுமதியும் செய்யலாம். இங்கிருந்து போகிற சரக்கு அங்கே கரையேறியதும் யோக்கியமாகிவிடும். இதெல்லாம் தாங்கள் அறியாததா?

'சர்வதேச மதிப்பு இத்தனை லட்சம்' என்று போடுகிற இடத்தில், போன வருஷம் பிடித்த வழக்கு கோர்ட்டில் என்ன ஆனது என்று இரண்டு வரி போடுங்கள். இடமில்லை என்றால் அந்தக் கடைசி வரியை எடுத்துவிட்டுப் போடலாம்.

இப்படிக்கு,
முன்னாள் சங்குகுளி மீனவர் ஒருவர்,
வேதாளை, ராமநாதபுரம் மாவட்டம்.