அம்மிணிக்கு, அப்பா எழுதுவது

அம்மிணி,

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது. சின்னவன் வீட்டுக் காங்கிரீட் முடிந்தது. அதையெல்லாம் அப்புறம் எழுதுகிறேன்.

பருப்புப்பொடி பார்சலுக்கு லண்டனில் வால்தம்ஸ்டோ முகவரி அனுப்பியிருந்தாய். ஈஸ்ட் ஹாமை விட்டு எப்போது மாறினாய், ஏன் என்றெல்லாம் நான் கேட்கவில்லை. அங்கிருந்து உன் ஆபீசுக்கு எந்த ரயில் என்று மட்டும் எதிர்வீட்டுப் பையனிடம் கேட்டேன். போனில் பார்த்து, விக்டோரியா லைன் என்றான். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது.

அந்த லைன் முழுக்கச் சுரங்கத்திலேயே ஓடுகிறதாமே. சக்கரமும் தண்டவாளமும் பிரேக்கும் உரசி உதிர்கிற தூசு வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே சுற்றுகிறது. அதில் கிட்டத்தட்ட பாதி இரும்புத் துரு. லண்டன் கிங்ஸ் காலேஜ்காரர்கள் அளந்தபோது ஒரு கன மீட்டர் காற்றில் நுண்தூசு விக்டோரியா லைனில் 381 மைக்ரோகிராம், டிஸ்ட்ரிக்ட் லைனில் 32. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் சராசரி 15-க்கு மேல் போகக்கூடாது என்கிறது. ஈஸ்ட் ஹாமிலிருந்து நீ போனது டிஸ்ட்ரிக்ட் லைன்தானே? பாதி வழி வெளியே வெளிச்சத்தில் ஓடுமே.

இரும்புத் தூசு வண்டிப் புகை அளவுக்குக் கெடுதலா என்று இன்னும் தீர்த்துச் சொல்லவில்லையாம். சரி, சொல்லும்போது சொல்லட்டும். 28 வருஷம் மில்லில், பஞ்சைப் பிரித்துச் சுத்தம் பண்ணுகிற புளோ ரூமில் நின்றவன் நான். ஞாயிறு லீவு முடிந்து திங்கட்கிழமை உள்ளே போனால் நெஞ்சைக் கட்டும். பஞ்சுத் தூசு ஒன்றும் செய்யாது என்றுதான் அப்போதும் சொன்னார்கள்.

மாஸ்க் போட்டுக்கொள். துணி மாஸ்க் வேண்டாம். வால்தம்ஸ்டோவிலிருந்து மேலே ஓடுகிற வீவர் லைனில் லிவர்பூல் ஸ்ட்ரீட் வந்து, சர்க்கிள் லைன் மாறிப் போகலாமாம். நேரம் கூட ஆகும். ஆகட்டுமே.

நம் வீதியில் லண்டன் வேலைக்குப் போன முதல் பெண் நீ. டீக்கடையில் இன்னும் அதைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் 3 வாரமாக ஒரு போன் இல்லை. கடைசியாகப் பேசினபோது இருமினாய். கேட்டதற்கு ஜலதோஷம் என்றாய். மாஸ்க் போட்டுக்கொள், அம்மிணி.

உனக்கு 7 வயதில் வீசிங் வந்ததே, அன்றைக்கு டாக்டர் என்னிடம், "வீட்டில் யாராவது பீடி பிடிக்கிறீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அம்மா என் முகத்தைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. அன்று ராத்திரியும் நீ படுத்திருந்த அறையிலேயேதான் பற்றவைத்தேன். மில் தூசு என் உடம்பைக் கெடுத்துவிட்டது என்று ஊரெல்லாம் பேசியிருக்கிறேன். உன் நெஞ்சுக்குள் போனது என் புகை. இத்தனை வருஷத்தில் இதை உன்னிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இருமலை ஜலதோஷம் என்று சொல்லி முடித்துவிடும் பழக்கம் உனக்கு யாரிடமிருந்து வந்தது என்று தெரியும்.

இன்ஹேலர் பையிலேயே இருக்கட்டும்.

பார்சலைத் திங்கட்கிழமை போடுகிறேன். அம்மா பொடி கால் கிலோ கூடவே கட்டியிருக்கிறாள். முகவரி எழுதிவிட்டேன், பெயர்தான் பாக்கி. பழையபடி மாப்பிள்ளை பெயரையும் சேர்த்து எழுதட்டுமா, உன் பெயர் மட்டும் போதுமா? ஒரு வரி அனுப்பு.

அப்பா