சுகர் மாத்திரை வருகிறது, மனநல மாத்திரை வரவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மறுவாழ்வு முகாம்கள் பற்றிய உங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கட்டுரையில், புது வீடுகள் வந்ததும் இலங்கைத் தமிழர்களின் பழைய துயரம் தீர்ந்துவிட்டதாக ஒரு வரி இருந்தது. அதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

2021-இல் 317 கோடி ரூபாய் திட்டம் அறிவித்து, 7,469 வீடுகள் கட்டித் தருவதாக அரசு சொன்னது. நாங்கள் நன்றி மறந்தவர்கள் இல்லை. ஆனால் என் அம்மா 1990-இல் மன்னாரிலிருந்து படகில் வந்தவர். இன்றும் ஹெலிகாப்டர் சத்தம் கேட்டால் பேரப்பிள்ளைகளை இழுத்துக்கொண்டு கட்டிலுக்கடியில் போய்விடுவார். புதுச் சுவர் அதற்கு என்ன செய்யும்?

மாத்திரை போட்டால் தூங்குகிறார். அந்த மாத்திரைக்குத்தான் இவ்வளவு பாடு. ஆஸ்பத்திரியில் பதினைந்து நாளைக்குத்தான் தருகிறார்கள். அட்டையைக் கத்தரித்துக் கொடுக்கும்போது மருந்தின் பெயர் உள்ள பக்கம் போய்விடும். அடுத்த முறை வேறு டாக்டர் இருப்பார். "என்ன மாத்திரை சாப்பிடுறீங்க? எப்பலேர்ந்து இப்படி?" என்று கேட்பார். பின்னால் நிற்கிறவர்கள் காதுபட, படகில் என் தம்பி செத்ததை அம்மா முதலிலிருந்து சொல்ல வேண்டும். அன்றைக்கு இரவு வீட்டில் யாருக்கும் தூக்கம் கிடையாது.

கூடப் போவதால் என் கணவருக்கு பெயிண்டிங் கூலி போகும். முகாமில் ஆட்களைச் சரிபார்க்கும் தணிக்கை நாளும் ஆஸ்பத்திரி நாளும் ஒன்றாக வந்துவிட்டால், அரசு மாதாமாதம் தரும் பணக்கொடையை நிறுத்திவிடுவார்களோ என்ற பயம் வேறு. இத்தனை வருடம் இங்கேயே இருந்தும் தலையை எண்ணத்தான் வருகிறார்கள். 1991-க்குப் பிறகு சில வருடங்கள் தொண்டு நிறுவனங்களைக்கூட முகாமுக்குள் விடவில்லை. அப்போதே யாராவது அம்மாவோடு உட்கார்ந்து பேசியிருந்தால் நோய் இவ்வளவு முற்றியிருக்காது என்றுதான் நான் நினைக்கிறேன்.

மனநலச் சிகிச்சை பெற ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வது உங்களுக்குத் தெரியும். குடியுரிமை இருந்தால்தான் என்று அதில் இல்லை.

மக்களைத் தேடி மருத்துவத்தில் அம்மாவின் சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. கொண்டுவரும் அக்கா அன்பானவர். அதே பையில் மனநல மாத்திரையையும் ஒரு மாதத்துக்குப் போட்டுத் தரட்டும். மாதம் ஒருநாள், ஒரே டாக்டர் முகாமுக்கு வரட்டும். இதை நீங்கள் எழுதினால் அதிகாரிகள் படிப்பார்கள்.

பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
முகாம்வாசி ஒருவர்,
புழல், சென்னை-66